பி.எம்.டபிள்யூ: வரலாறும் பேரும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில், மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007-லிருந்து பி.எம்.டபிள்யூ கார்களை அசெம்பிள் செய்கிறார்கள். ஓசூரில் அதே பெயரில் பைக்குகள் தயாராகின்றன. அப்படியிருந்தும் நம்மிடையே அந்தக் கம்பெனியைப் பற்றிய பேச்சு "என்ன விலை? என்ன மைலேஜ்?" என்பதைத் தாண்டிப் போவதில்லை. கார்ப் பைத்தியம் என்று பெயரெடுத்ததால் என்னிடம் நண்பர்களும் சொந்தக்காரர்களும் பல வருஷமாகக் கேட்டு வந்த கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பி.எம்.டபிள்யூவை நான் கார் கம்பெனியாகப் பார்ப்பதைவிட இன்ஜின் கம்பெனியாகத்தான் பார்க்கிறேன். அதற்குக் கிடைத்த நல்ல பெயரும் இன்ஜினால் வந்தது, கெட்ட பெயரில் பெரும்பகுதியும் இன்ஜினால் வந்தது. கீழே உள்ள பதில்களை அந்த நோக்கில் படியுங்கள்.

பி.எம்.டபிள்யூ என்பதன் விரிவு என்ன?

'பயரிஷே மோட்டோரென் வெர்க்கே'. பவேரிய மோட்டார் ஆலை என்று பொருள். பவேரியா ஜெர்மனியின் தென்கோடி மாநிலம், தலைநகர் மியூனிக். ஜெர்மன்காரர்கள் 'பே-எம்-வே' என்பார்கள். பெயரில் 'மோட்டார்' இருக்கிறது, 'கார்' இல்லை என்பதைக் கவனியுங்கள். பெயர் வைத்தபோது கார் செய்யும் எண்ணமே அவர்களுக்கு இல்லை.

கம்பெனி பிறந்தது 1916-லா, 1917-லா? இரண்டு விதமாகவும் எழுதுகிறார்களே?

இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. மியூனிக்கில் கார்ல் ராப் என்ற பொறியாளர் 1913-ல் விமான இன்ஜின் ஆலை ஒன்றைத் தொடங்கினார். அதுதான் 1917 ஜூலையில் 'பி.எம்.டபிள்யூ' என்று பெயர் மாறியது. அதே ஊரில் 1916 மார்ச் 7-ல் 'பயரிஷே ஃப்ளுக்ஸாய்க்வெர்க்கே' என்ற விமான ஆலை பதிவானது. குஸ்டாவ் ஓட்டோ நடத்தி வந்த விமானத் தொழிற்சாலையிலிருந்து உருவானது அது. இந்தக் குஸ்டாவின் அப்பாதான் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினுக்குப் பெயர் போன நிக்கோலாஸ் ஓட்டோ.

1922-ல் கமிலோ காஸ்டிக்லியோனி என்ற முதலீட்டாளர் பி.எம்.டபிள்யூ என்ற பெயரையும் இன்ஜின் தொழிலையும் விலைக்கு வாங்கி, அந்த விமான ஆலைக்குள் கொண்டுபோய் வைத்தார். ஆக, பெயர் ராப்பின் ஆலையிலிருந்து வந்தது, சட்டப்படி உடம்பு மற்றதிலிருந்து வந்தது. கம்பெனி தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது 1916-ஐ.

அந்த ராப் என்ன ஆனார்? அவர் பெயரை யாரும் சொல்வதில்லையே?

அவருடைய இன்ஜின் அதிர்ந்தது. விமானத்தில் பூட்டினால் உடம்பெல்லாம் நடுங்கும். வாங்க வந்த ராணுவத்தினர் தயங்கினார்கள். 1917 தொடக்கத்தில் டைம்லர் கம்பெனியிலிருந்து மேக்ஸ் ஃபிரிட்ஸ் என்ற இளம் வடிவமைப்பாளர் வந்து சேர்ந்தார். ஆறு சிலிண்டர்களை ஒரே வரிசையில் நிறுத்தி, உயரத்தில் காற்று மெலிந்தாலும் சக்தி குறையாதபடி கார்புரேட்டரை அமைத்து ஓர் இன்ஜின் வரைந்தார். அதுதான் 'மூன்று-ஏ'. வரைபடத்தைப் பார்த்தே ராணுவம் 600 இன்ஜின்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அந்த வருஷமே ராப் வெளியேறினார், ஆலையும் பெயர் மாறியது.

நூறு வருஷம் கழித்தும் இந்தக் கம்பெனியை விரும்புகிறவர்கள் முதலில் சொல்லும் பெருமை 'வரிசை ஆறு சிலிண்டர், அதிர்வே இல்லை' என்பதுதான். அதிர்ந்த ஓர் இன்ஜினைச் சரிசெய்யப் போய்ப் பிறந்த கம்பெனி இது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு சிலிர்ப்பு வரும்.

நீலமும் வெள்ளையும் கலந்த சின்னம், சுழலும் புரொப்பெல்லர்தானே?

இல்லை. அது பவேரியாவின் மாநில நிறம். 1917 அக்டோபரில் சின்னத்தைப் பதிவு செய்தார்கள். மாநில முத்திரையை வணிகச் சின்னத்தில் அப்படியே போடச் சட்டம் அனுமதிக்காததால் நிறங்களின் வரிசையை மாற்றிப் போட்டார்கள். சுற்றியுள்ள கறுப்பு வளையம் ராப் ஆலையின் பழைய சின்னத்திலிருந்து தங்கிவிட்டது. புரொப்பெல்லர் கதைக்கு வித்து 1929-ல் வந்த ஒரு விளம்பரம். விமானத்தின் சுழலும் புரொப்பெல்லருக்குள் சின்னத்தை வரைந்திருந்தார்கள். படம் அழகாக இருந்தது, கதை பரவியது, கம்பெனியும் நெடுங்காலம் மறுக்கவில்லை.

விமான இன்ஜின் செய்தவர்கள் ஏன் பைக்குக்கு வந்தார்கள்?

வேறு வழியில்லாமல். முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனி விமான இன்ஜின் செய்யக்கூடாது என்று 1919-ன் வெர்சாய் ஒப்பந்தம் தடுத்தது. அதே 1919 ஜூனில்தான் பி.எம்.டபிள்யூ இன்ஜினுடன் சேனோ டீமர் என்ற விமானி 9,760 மீட்டர் உயரம் ஏறிச் சாதனை படைத்திருந்தார். அந்த உயரத்தைத் தொட்டவர்கள் அடுத்துச் செய்தது ரயிலுக்கு பிரேக்.

1923-ல் அதே ஃபிரிட்ஸ் ஆர்32 என்ற பைக்கை வரைந்தார். 494 சிசி, எட்டரைக் குதிரைத்திறன். அதற்கு முன் இதே மாதிரி எதிரெதிர் சிலிண்டர் இன்ஜினை பைக்கில் நீளவாக்கில் வைத்தார்கள். முன் சிலிண்டர் காற்று வாங்கும், பின் சிலிண்டர் சூடேறித் தவிக்கும். ஃபிரிட்ஸ் இன்ஜினைக் குறுக்காகத் திருப்பினார். இரண்டு சிலிண்டர்களும் இரண்டு தோள்கள் போல வெளியே நீட்டிக்கொண்டு ஒரே அளவு காற்று வாங்கின. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் நேராகப் பின்சக்கரத்தைப் பார்த்து நின்றதால் செயினை எடுத்துவிட்டு ஷாஃப்ட் போட முடிந்தது. இன்றைக்கும் பி.எம்.டபிள்யூவின் பெரிய சுற்றுலா பைக்கைப் பார்த்தால் காலுக்கு இருபுறமும் அதே தோள்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஓர் அமைப்பு நூறு ஆண்டு தாக்குப்பிடிப்பது இயந்திர உலகில் அபூர்வம்.

முதல் பி.எம்.டபிள்யூ கார் எது?

உள்ளபடி சொன்னால், ஓர் ஆங்கிலேயக் கார். 1928-ல் ஐசனாக் என்ற ஊரிலிருந்த கார் ஆலையை வாங்கினார்கள். அங்கே இங்கிலாந்தின் ஆஸ்டின் செவன் என்ற குட்டிக் காரை உரிமம் பெற்று 'டிக்சி' என்ற பெயரில் செய்துகொண்டிருந்தார்கள். 1929-ல் அதுவே சின்னச் சின்ன மாற்றங்களுடன் 'பி.எம்.டபிள்யூ 3/15' ஆனது. சொந்த முகம் 1933-ல் வந்த 303 காரில்தான் கிடைத்தது. ஆறு சிலிண்டர், முன்னால் சிறுநீரக வடிவில் இரட்டைக் கிரில். 1936-ல் வந்த 328 பந்தயக் காரில் மொத்தம் 464-தான் செய்தார்கள். 1940-ல் இத்தாலியின் மில்லே மில்யா பந்தயத்தை அந்த வகைக் கார் ஜெயித்தது.

நாஜி காலத்தில் கம்பெனி என்ன செய்தது?

பெருமை பேசுகிறவர்கள் ஒரே வரியில் கடந்து போகும் இடம் இது. நான் அப்படிக் கடக்க விரும்பவில்லை.

1933-க்குப் பிறகு ராணுவ ஆர்டர்களால் பி.எம்.டபிள்யூ பெருத்தது. யுங்கர்ஸ் 52 விமானத்துக்கு இன்ஜின், ஃபோக்கே-வுல்ஃப் 190 போர் விமானத்துக்கு 801 என்ற இன்ஜின், கடைசியில் ஜெட் இன்ஜின் வரை செய்தார்கள். கார் ஓரத்துக்குப் போய்விட்டது. இந்த உற்பத்திக்குக் கை எங்கிருந்து வந்தது? பிடித்துக்கொண்டு வரப்பட்ட அயல்நாட்டுத் தொழிலாளர்கள், போர்க் கைதிகள், வதைமுகாம் கைதிகள். மியூனிக்கை ஒட்டிய ஆலாக் என்ற இடத்தில் ஆலைக்காகவே டாஹாவ் வதைமுகாமின் கிளை முகாம் ஒன்று இயங்கியது. டாஹாவின் கிளைகளிலேயே பெரியது அதுதான். ஆயிரக்கணக்கானவர்கள் அங்கிருந்து தினமும் வேலைக்கு ஓட்டிச் செல்லப்பட்டார்கள். பசியாலும் அடியாலும் நோயாலும் பலர் செத்தார்கள்.

போர் முடிந்து பல பத்தாண்டுகள் இதைப் பற்றிக் கம்பெனி வாய் திறக்கவில்லை. பிறகு ஆய்வாளர்களுக்கு ஆவணங்களைத் திறந்தது. 2000-ல் கட்டாய உழைப்புக்கு ஆளானவர்களுக்கு நஷ்டஈடு தர ஜெர்மன் அரசும் தொழில்துறையும் பாதிக்குப் பாதி போட்டு 1,000 கோடி மார்க்கில் அமைத்த நிதியில் பி.எம்.டபிள்யூ தொடக்கத்திலேயே சேர்ந்தது. 2016-ல் நூற்றாண்டு விழாவின்போது, தான் இழைத்த துன்பத்துக்காக ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது. அதற்குள் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் உயிரோடு இல்லை. தாமதமாக வந்த வருத்தம் என்பதையும் சேர்த்தேதான் இந்தக் கம்பெனியின் கதையைச் சொல்ல வேண்டும்.

சிவப்புச் சின்னம் போட்ட பி.எம்.டபிள்யூ உண்டு என்கிறார்களே?

உண்டு, ஆனால் பெயர் இ.எம்.டபிள்யூ. போர் முடிந்ததும் கார் ஆலை இருந்த ஐசனாக் சோவியத் பகுதிக்குள் போய்விட்டது. அங்கே பழைய மாடல்களை பி.எம்.டபிள்யூ என்ற பெயரிலேயே தொடர்ந்து செய்தார்கள். மியூனிக்கில் இருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். அதன்பின் ஐசனாக் ஆலைக்காரர்கள் பெயரின் முதல் எழுத்தை ஊர்ப் பெயருக்கு மாற்றி, நீலத்துக்குப் பதில் சிவப்பைப் பூசினார்கள். பிற்பாடு அதே ஆலையில்தான் கிழக்கு ஜெர்மனியின் வார்ட்பர்க் கார் பிறந்தது. மியூனிக்கிலோ போரில் வென்ற நாட்டுக்காரர்கள் இயந்திரங்களைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் அலுமினியத்தில் சட்டி, பானை செய்து வயிறு கழுவினார்கள். 1948-ல் பைக் மறுபடி வந்தது, 1952-ல் கார்.

முன்பக்கம் கதவு திறக்கும் முட்டை மாதிரி கார், அதுவும் இவர்களுடையதுதானா?

ஆமாம், இசெட்டா. வடிவம் இத்தாலியின் இசோ கம்பெனியுடையது, உரிமம் வாங்கி 1955-லிருந்து பி.எம்.டபிள்யூ செய்தது. உள்ளே பைக்கின் ஒற்றை சிலிண்டர் இன்ஜின், 250 சிசி, 12 குதிரைத்திறன். காரின் முகமே கதவு. ஃபிரிட்ஜ் கதவைத் திறப்பது போல இழுத்தால் ஸ்டீயரிங் கம்பும் டேஷ்போர்டும் கதவோடு சேர்ந்து வெளியே மடங்கி வரும். தரை காலியாகத் தெரியும். நேராக நடந்துபோய்த் திரும்பி உட்கார வேண்டியதுதான். 1962 வரை ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல் விற்றது.

அதே சமயத்தில் கம்பெனி இன்னொரு பக்கம் வி8 இன்ஜின் போட்ட பெரிய 502 காரையும், எல்விஸ் பிரெஸ்லி ஜெர்மனியில் ராணுவ சேவையில் இருந்தபோது ஓட்டிய 507 என்ற பேரழகு காரையும் செய்தது. 507-ல் 250 சொச்சம்தான் செய்தார்கள். பெரிய காரில் நஷ்டம், குட்டிக் காரில் லாபம் சொற்பம். நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய கார் ஒன்றுகூட இல்லை. இந்த ஓட்டைதான் அடுத்த கேள்விக்குக் கொண்டுபோய் விட்டது.

1959-ல் பென்ஸ் கம்பெனி இவர்களை வாங்கவிருந்தது உண்மையா?

முழு உண்மை. இந்தக் கம்பெனியின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த நாள் 1959 டிசம்பர் 9. பந்தய வெற்றிகளெல்லாம் எனக்கு அதற்கு அடுத்தபடிதான்.

அன்று மியூனிக்கில் பங்குதாரர் கூட்டம். மேற்பார்வைக் குழுவின் தலைவர் டாய்ச்ச வங்கியைச் சேர்ந்த ஹான்ஸ் ஃபைத். அந்த வங்கிக்கு டைம்லர்-பென்ஸிலும் கை இருந்தது. மேடையில் வைக்கப்பட்ட திட்டம் இதுதான்: பழைய பங்குகளின் மதிப்பைக் குறைப்பது, புதுப் பங்குகளை வெளியிட்டு டைம்லர்-பென்ஸிடம் தருவது. அதாவது மியூனிக் ஆலை, டைம்லர்-பென்ஸின் ஊரான ஸ்டுட்கார்ட்டுக்குக் கிளையாகிவிடும். பெரிய கைகளிடம் ஓட்டு இருந்தது. சபையில் உட்கார்ந்திருந்த சிறு பங்குதாரர்கள், கார் விற்கும் டீலர்கள், ஆலைத் தொழிலாளர்களின் பிரதிநிதிகள் யாருக்கும் இது பிடிக்கவில்லை. எதிர்ப்பு இருந்தது, ஆனால் ஆயுதம் இல்லை.

ஆயுதத்தைக் கண்டெடுத்தவர் டீலர்களின் சார்பில் வந்த ஃபிரெட்ரிஷ் மாட்டர்ன் என்ற வழக்கறிஞர். கம்பெனி அப்போதுதான் 700 என்ற புதுச் சிறு காரைக் காட்டியிருந்தது, ஆர்டர்கள் வந்து குவிந்துகொண்டிருந்தன. அந்தக் காரை உருவாக்கிய செலவு முழுவதையும் ஒரே வருஷக் கணக்கில் நஷ்டமாக எழுதிவிட்டிருந்தார்கள். பல வருஷம் பிரித்து எழுத வேண்டிய தொகை அது. கம்பெனி காட்டிக்கொண்ட அளவுக்கு மூழ்கிக்கொண்டிருக்கவில்லை. கணக்கில் பிழை இருந்தால் பத்து சதவீதப் பங்கு இருப்பவர்கள் சேர்ந்து கூட்டத்தை ஒத்திவைக்கலாம் என்று சட்டம் சொன்னது. பத்து சதவீதம் அந்தச் சபையில் சேர்ந்தது. காலையில் தொடங்கிய கூட்டம் ஒத்திவைப்போடு முடிந்தது. வாங்கிக்கொள்கிறோம் என்று டைம்லர்-பென்ஸ் சொன்னதற்கு இருந்த கெடுவும் கடந்து போனது.

ஹெர்பர்ட் குவாண்ட் என்ற பெரிய பங்குதாரர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிறுவயதிலிருந்தே கண் பார்வை ஏறத்தாழ இல்லாதவர். முதலில் விற்பனைக்குச் சாதகமாகத்தான் இருந்தார். டீலர்களும் தொழிலாளர்களும் காட்டிய பிடிவாதத்தைப் பார்த்து மனம் மாறி, பங்கை விற்பதற்குப் பதில் மேலும் வாங்கிக் கம்பெனியைத் தன் பொறுப்பில் எடுத்தார். இன்றும் அவருடைய பிள்ளைகள் ஸ்டெஃபான் குவாண்ட், சுசான்னே கிளாட்டன் இருவரிடமும் சேர்ந்து கிட்டத்தட்டப் பாதிப் பங்கு இருக்கிறது. அந்தக் குடும்பத்துக்கும் நாஜி காலத்துக் கறை உண்டு. ஹெர்பர்ட்டின் அப்பா குந்தரின் பேட்டரி ஆலைகளிலும் கட்டாய உழைப்பு நடந்தது. 2007-க்குப் பிறகுதான் குடும்பம் வரலாற்றாசிரியர் ஒருவரை நியமித்து அதை ஆராயச் சொன்னது.

'ஓட்டுவதில் மகிழ்ச்சி' தரும் கார் என்ற நல்ல பெயர் எப்போது வந்தது?

1961 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 1500 என்ற நான்கு கதவுக் காரைக் காட்டினார்கள். 'நோயே கிளாஸே', அதாவது புது வகுப்பு என்று பெயர் சூட்டினார்கள். டாக்டர், பொறியாளர், சிறு முதலாளி போன்றவர்கள் வாங்கக்கூடிய விலை. பந்தயக் காரின் சுறுசுறுப்பு. அந்த இன்ஜினை வரைந்த அலெக்ஸ் ஃபான் ஃபால்கன்ஹாவுசன் முன்னாள் பந்தயக்காரர், பிற்காலத்தில் அளவைப் பெரிதாக்க இடம் விட்டே வரைந்தார். 1968-ல் அதை இரண்டு லிட்டராக்கிச் சின்ன இரட்டைக் கதவு உடம்பில் போட்டு 2002 என்று விற்றார்கள். அமெரிக்காவில் அந்தக் கார்தான் பி.எம்.டபிள்யூ என்ற பெயரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. 1975-ல் அதன் வாரிசாக 3 சீரிஸ் வந்தது.

அதே இன்ஜினின் அடிக்கட்டையை எடுத்து, ஒன்றரை லிட்டராக்கி, டர்போ பூட்டி ஃபார்முலா 1 பந்தயத்துக்கு அனுப்பினார் பால் ரோஷே. 1983-ல் நெல்சன் பிக்கே அந்த இன்ஜினோடு உலகச் சாம்பியன் ஆனார். டர்போ காரில் ஓட்டுநர் ஒருவருக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அது. குடும்பக் காருக்காக 1960-களில் வார்த்த கட்டை, தகுதிச் சுற்றுகளில் ஆயிரம் குதிரைத்திறனைத் தாங்கியது.

வரிசை ஆறு சிலிண்டரில் அப்படி என்ன விசேஷம்?

இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலே போய்க் கீழே வரும் ஒவ்வொரு முறையும் ஓர் உதை கிடைக்கும். நான்கு சிலிண்டரில் இந்த உதைகளில் ஒரு பகுதி ஒன்றையொன்று அடக்காமல் மிச்சப்படும், அதை அடக்கத் தனித் தண்டு போட வேண்டும். ஆறை ஒரே வரிசையில் வைத்தால் முன் மூன்றும் பின் மூன்றும் கண்ணாடியில் பார்த்த பிம்பம் போல இயங்கி, உதைகள் தாமாகவே அடங்கிவிடும். பானெட்டைத் திறந்து, ஓடும் இன்ஜின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடு தெரியும், லேசான முணுமுணுப்பு தெரியும், நடுக்கம் தெரியாது. நீளமான இன்ஜின் என்பதால் இடம் அடைக்கும். அதனால்தான் பெரும்பாலான கம்பெனிகள் மூன்று மூன்றாக 'வி' வடிவில் நிறுத்தும் வி6-க்குப் போய்விட்டன, இவர்கள் விடவில்லை.

இவர்கள் செய்த பெரிய தப்பு எது?

வியாபாரத்தில் என்றால், ரோவர். 1994-ல் இங்கிலாந்தின் ரோவர் குழுமத்தை 80 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். ஆறு வருஷம் பணத்தைக் கொட்டினார்கள். 1999-ல் தலைவர் பிஷெட்ஸ்ரீடர் பதவி இழந்தார். 2000-ல் ரோவரை வெறும் 10 பவுண்டுக்குக் கைமாற்றினார்கள், லேண்ட் ரோவரை ஃபோர்டுக்கு விற்றார்கள். மினி என்ற குட்டிக் காரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்த ரோவர் 2005-ல் மூடியபோது ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

1959-ல் வேறொருவர் கையில் கிளையாகிவிடக் கூடாது என்று போராடிய கம்பெனி, இன்னொரு கம்பெனியை வாங்கி அதன் ஆட்களின் மனதைப் படிக்கத் தவறியது என்பதுதான் எனக்கு வருத்தம்.

அப்படியானால் ரோல்ஸ் ராய்ஸ்?

அது வேறு கதை. 1998-ல் ஆலையை 43 கோடி பவுண்டுக்கு வாங்கியது ஃபோக்ஸ்வாகன். ஆனால் 'ரோல்ஸ் ராய்ஸ்' என்ற கார்ப் பெயரின் உரிமை அதே பெயர் கொண்ட தனி விமான இன்ஜின் கம்பெனியிடம் இருந்தது. பி.எம்.டபிள்யூ அதை 4 கோடி பவுண்டுக்கு வாங்கிவிட்டது. பழைய ஆலையும் அங்கே தயாரான பென்ட்லி காரும் ஃபோக்ஸ்வாகனுக்கு, 2003 முதல் ரோல்ஸ் ராய்ஸ் இவர்களுக்கு.

டீசல் மோசடியில் இவர்களும் மாட்டினார்களா?

ஃபோக்ஸ்வாகன் மாட்டியது போல இல்லை. புகைச் சோதனையை ஏமாற்றத் திட்டமிட்டு மென்பொருள் வைத்ததாக பி.எம்.டபிள்யூ மேல் நிரூபணம் ஆகவில்லை. 2019-ல் சில ஆயிரம் கார்களில் தவறான மென்பொருள் ஏறியதற்கு, மேற்பார்வைக் குறைவு என்று 85 லட்சம் யூரோ அபராதம் கட்டியது. அதைவிடப் பெரிய களங்கம் 2021-ல் வந்தது. புகையைச் சுத்தம் செய்யும் தொழில்நுட்பத்தில் யாரும் யாரையும் முந்த வேண்டாம் என்று ஜெர்மன் கம்பெனிகள் தங்களுக்குள் பேசி வைத்திருந்ததற்காக ஐரோப்பிய ஆணையம் விதித்த அபராதத்தில் பி.எம்.டபிள்யூவின் பங்கு சுமார் 37 கோடி யூரோ. சட்டம் கேட்டதைவிட நன்றாகச் செய்யத் தெரிந்தும் செய்யாமல் இருந்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டின் சாரம். பொறியியலில் பெருமை கொள்ளும் கம்பெனிக்கு இதைவிட வலிக்கும் குற்றச்சாட்டு வேறில்லை.

தென்கொரியாவில் கார்கள் எரிந்ததும் மறக்கக்கூடாதது. 2018-ல் நாற்பதுக்கும் மேற்பட்ட கார்கள் தீப்பிடித்தன. வெளியேறும் புகையில் ஒரு பகுதியைக் குளிரவைத்து மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் பாகத்தில் கூலண்ட் கசிந்து, கரியோடு சேர்ந்து படிந்து, சூட்டில் பற்றியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அந்தக் கோடையில் சில கார் பார்க்கிங் வாசலில் பி.எம்.டபிள்யூவுக்கு அனுமதி இல்லை என்று போர்டு மாட்டினார்கள்.

செகண்ட் ஹேண்ட் பி.எம்.டபிள்யூ வாங்கலாமா? விலை ஆசை காட்டுகிறதே?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். வாங்கும் விலை குறையும், ஆனால் ஸ்பேர் பார்ட்ஸ் விலை குறையாது என்பதை முதலில் மனதில் வையுங்கள். பத்து வருஷக் காரின் விலை நல்ல மாருதி விலைக்கு வந்திருக்கும். அதன் பாகங்கள் புதுக் காரின் விலையில்தான் வரும்.

2007-க்குப் பிறகு சில வருஷம் 320டி, 520டி கார்களில் வந்த என்47 டீசல் இன்ஜினைக் குறிப்பாகப் பாருங்கள். அதன் டைமிங் செயின், அதாவது வால்வுகளைச் சரியான நேரத்தில் திறக்கவைக்கும் சங்கிலி, தேய்ந்து அறுவது உலகம் முழுக்கத் தெரிந்த குறை. செயினை இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி வைத்துவிட்டார்கள். மாற்றவேண்டுமென்றால் பொதுவாக இன்ஜினையே வெளியே இறக்க வேண்டும், கூலியே கையைக் கடிக்கும். எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் இப்படிப்பட்ட காரைப் பார்க்கப் போகும்போது விற்பவரிடம் ஒரே நிபந்தனை போடுவார்: "நான் வர்றதுக்கு முன்னாடி வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க சார்." பானெட்டைத் தொட்டுப் பார்த்து, சில்லென்று இருந்தால்தான் சாவியைக் கேட்பார். ஸ்டார்ட் செய்ததும் அவர் முன்னால் நிற்பதில்லை, டிரைவர் கால் வைக்கும் இடத்துக்குக் குனிந்து காது கொடுப்பார். செயின் அங்கேதான் பேசும். சங்கிலியைத் தகரத்தில் உரசுவது போன்ற சத்தம் இரண்டு மூன்று நொடி கேட்டாலே எழுந்து கை துடைத்துக்கொள்வார்.

இன்னொன்று, வெள்ளத்தில் நின்ற கார். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் இப்படிப் பல கார்கள் கைமாறின. உள்ளே எவ்வளவு பளபளப்பாகத் துடைத்திருந்தாலும், சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சுருளின் அடியில் சேற்றுக் கோடு தெரிந்தால் நகர்ந்துவிடுங்கள். இந்தக் காரில் கம்ப்யூட்டர் பெட்டிகள் பல, ஈரம் பட்டால் ஒவ்வொன்றாக மாதக்கணக்கில் செத்துக்கொண்டே வரும். சர்வீஸ் ரெக்கார்டு முழுதாக இருக்கும் பெட்ரோல் கார், தனியாக ஒரு தொகை ஒதுக்கிவைக்கும் வசதி, நம்பிக்கையான ஒர்க்ஷாப் மூன்றும் இருந்தால் வாங்குங்கள். ஓட்டும்போது கிடைக்கும் சுகம் பொய் இல்லை.

சென்னையில் 'தயாரிக்கிறார்கள்' என்பது எந்த அளவுக்கு உண்மை?

பாகங்கள் பெட்டியில் வந்து இங்கே பூட்டப்படுகின்றன என்பதே தொடக்கத்தில் சரியான வருணனை. முழுக் காராக இறக்கினால் வரி கடுமை, பாகங்களாக இறக்கினால் குறைவு. 2015 வாக்கில் உள்நாட்டுப் பாகங்களின் பங்கைப் பாதி வரை உயர்த்தினார்கள். ஃபோர்ஸ் மோட்டார்ஸ் கம்பெனி சென்னையிலேயே இன்ஜின்களைப் பூட்டிச் சோதித்துக் கொடுக்கத் தொடங்கியது.

எனக்கு இதைவிடப் பெருமை ஓசூர் பைக்கில்தான். 2013-ல் டி.வி.எஸ். கம்பெனியும் பி.எம்.டபிள்யூவும் கைகோத்தன. அதிலிருந்து வந்தது ஜி310ஆர். 313 சிசி ஒற்றை சிலிண்டர், அதைப் பின்னோக்கிச் சாய்த்து, தலையைத் திருப்பி வைத்திருக்கிறார்கள். காற்று முன்னால் நுழைந்து, புகை பின்னால் வெளியேறுகிறது. ஓசூரில் செய்த அந்த பைக் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதியானது. இன்ஜினை எந்தத் திசையில் திருப்பி வைப்பது என்று 1923-ல் ஃபிரிட்ஸ் யோசித்த அதே கேள்விக்கு நம் ஊர் ஆலையில் இன்னொரு விடை செய்தார்கள்.

எலெக்ட்ரிக் காலத்தில் இன்ஜின் கம்பெனிக்கு என்ன வேலை?

அவர்களையே உலுக்கும் கேள்வி. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 1602 காரை பேட்டரியில் ஓடவைத்து மாரத்தான் வீரர்களுக்கு முன்னால் அனுப்பினார்கள். 2013-ல் ஐ3 என்ற காரைக் கார்பன் இழை உடம்போடு செய்தார்கள். துணிச்சலான கார், ஆனால் வாரிசு இல்லாமல் நிறுத்தினார்கள். 2025-ல் 'நோயே கிளாஸே' என்ற பழைய பெயரையே எடுத்துப் புது எலெக்ட்ரிக் வரிசைக்கு வைத்தார்கள். 1961-ல் தங்களைக் காப்பாற்றிய பெயரைத் தேடிப் போயிருக்கிறார்கள் என்பதிலேயே பதற்றம் தெரிகிறது. நடுவில், காரில் ஏற்கெனவே இருக்கும் சீட் ஹீட்டருக்குச் சில நாடுகளில் மாதச் சந்தா கேட்டார்கள். வாடிக்கையாளர்கள் கொதித்ததும் 2023-ல் கைவிட்டார்கள். ஒருமுறை விலை கொடுத்து வாங்கியதற்கு மறுபடி காசு கேட்டது அவர்கள் பேருக்கு நல்லதல்ல.

மியூனிக் போனால் என்ன பார்க்கலாம்?

யூ3 மெட்ரோவில் ஏறி ஒலிம்பியாட்சென்ட்ரும் நிலையத்தில் இறங்குங்கள். எதிரே நான்கு உருளைகள் சேர்ந்து நிற்பது போன்ற கோபுரம் தெரியும். அதுதான் தலைமையகம், கார்ல் ஷ்வான்சர் வடிவமைத்தது. நான்கு சிலிண்டர் என்றே ஊரில் பெயர். தரையில் கட்டிய தளங்களை ஒவ்வொன்றாக மேலே தூக்கி, நடுத்தூணிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே கிண்ணம் போன்ற கட்டடத்தில் மியூசியம், திங்கட்கிழமை விடுமுறை. உள்ளே போனதும் எல்லோரும் பந்தயக் கார்களைப் பார்க்க ஓடுவார்கள். நீங்கள் முதலில் பழைய விமான இன்ஜின்களுக்கும் ஆர்32-க்கும் நேரம் கொடுங்கள். பிறகு இசெட்டாவின் முன் நின்று, கதவோடு ஸ்டீயரிங் எப்படி மடங்குகிறது என்று அந்த இணைப்பைக் குனிந்து பாருங்கள்.